கரும்புத் தீவும் தேயிலைத் தீவும்

"இலங்கையைச் சிங்கப்பூர் ஆக்கிக் காட்டுவோம்" என்னும் சூளுரை இந்நாட்டு அரசியல் மேடைகளில் ஏறத்தாழ அரை நூற்றாண்டாக ஒலித்து வருகின்றது. ஆட்சிகள் மாறின, ஆட்சியாளர் மாறினர், சூளுரை மட்டும் மாறவில்லை. 2022ஆம் ஆண்டில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அரசு கைவிரித்து, எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற பின்னராவது அது அடங்கியிருத்தல் வேண்டும். அடங்கவில்லை.

ஒரு நாட்டு மக்களின் வாழ்வை இன்னொரு நாட்டு மக்களின் வாழ்வோடு ஒப்பிட்டுப் பார்ப்பது தவறன்று, தேவையானதுங்கூட. ஆனால் ஒப்பீட்டுக்கு ஒரு நெறி உண்டு. ஒப்பிடப்படும் இரண்டும் ஓரளவேனும் ஒரே வகையினவாய் இருத்தல் வேண்டும். கப்பல்கள் கூடும் ஒரு துறைமுக நகரத்தையும், வயலும் தோட்டமும் நிறைந்த ஒரு பெரிய தீவையும் ஒரே தராசில் வைப்பது எந்த நீதிமன்றத்திலும் எடுபடாத வாதம்.

தராசில் வைக்கத்தக்க நாடு ஒன்று நமது இந்து சமுத்திரத்திலேயே உள்ளது. அதன் பெயரை நம் மேடைகளில் அரிதாகவே கேட்கிறோம். கேட்டால் சங்கடமான வினாக்கள் எழும். அந்நாடு மொரிசியசு.

ஒற்றுமைகளை எண்ணிப் பாருங்கள். இரண்டும் தீவுகள். இரண்டிலும் ஒல்லாந்தர் கால் பதித்தனர். இரண்டும் நெப்போலியன் காலத்துப் போர்களினூடே ஆங்கிலேயர் வசமாயின. மொரிசியசு 1810இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்தும், இலங்கையின் கரையோரம் 1796இல் ஒல்லாந்தரிடமிருந்தும் கைமாறின. இரண்டிலும் ஆங்கிலேயர் தோட்டப் பயிர் ஒன்றையே பொருளாதாரத்தின் முதுகெலும்பாக்கினர். அங்கே கரும்பு, இங்கே முதலில் கோப்பி, பின்னர் தேயிலை. அப்பயிரை வளர்க்க இரண்டு தீவுகளுக்கும் இந்தியாவிலிருந்தே கூலியாட்கள் கொண்டுவரப்பட்டனர். இரண்டு தீவுகளும் ஆங்கிலேயரின் பாராளுமன்ற முறையைப் பெற்றே விடுதலை அடைந்தன. இலங்கை 1948 பெப்ரவரி 4ஆம் நாள், மொரிசியசு 1968 மார்ச் 12ஆம் நாள்.

ஆகவே இங்கு நாம் கேட்கும் வினா இதுதான்: ஒரே பேரரசின் கீழ், ஒரே பெருநிலத்திலிருந்து, ஒரே வறுமையால் விரட்டப்பட்டு, ஒரே வகையான தோட்ட வேலைக்கு வந்த மக்களின் பேரப்பிள்ளைகள் இன்று இரு தீவுகளிலும் எவ்வாறு வாழ்கின்றனர்? வேறுபாடு இருப்பின் அதற்குக் காரணம் யாது?

வந்த வழி

மொரிசியசில் 1835இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. அடிமைகளின் இடத்துக்கு ஆள் தேடிய கரும்புத் தோட்டக்காரர், அதற்கு முன்னரே, 1834இல், இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை இறக்கத் தொடங்கிவிட்டனர். அடுத்து வந்த ஏழு, எட்டுத் தசாப்தங்களில் ஏறத்தாழ நான்கரை இலட்சம் இந்தியர் அத்தீவில் வந்திறங்கினர். பெரும்பாலோர் பீகார்ப் பக்கத்தவர். சென்னை மாகாணத்துத் தமிழரும் தெலுங்கரும் கணிசமானோர். போர்ட் லூயித் துறைமுகத்தில் அவர்கள் ஏறி வந்த கற்படிகள் இன்றும் உள்ளன. ஆப்பிரவாசி காட் எனப்படும் அவ்விடத்தை யுனெஸ்கோ 2006இல் உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்றது.

நம் மலையகத்து மக்களின் முன்னோர் வந்த வழி கற்படிகள் இல்லாத வழி. பாக்குநீரிணையைத் தோணியில் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையில் மாத்தளை வரை நடந்து வந்தவர்கள் அவர்கள். வழியில் கொள்ளைநோய்க்கும் பசிக்கும் மாண்டவர் தொகையை எவரும் ஒழுங்காக எண்ணி வைக்கவில்லை. அவர்கள் வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தே நினைவுகூர்ந்தனர் அவர்தம் வழித்தோன்றல்கள்.

மொரிசியசில் அவர்களுக்குத் தேன் வார்க்கப்பட்டது என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். ஒரு நாள் வேலைக்கு வராதவனுக்கு இரண்டு நாட் கூலியை வெட்டும் 'இரட்டை வெட்டு' அங்கே நடைமுறையில் இருந்தது. அனுமதிச் சீட்டின்றித் தோட்டத்தை விட்டு வெளியே நடமாடியவன் நாடோடியெனச் சிறையிலடைக்கப்பட்டான். கொடுமை மிகுந்து, 1872இல் அதனை விசாரிக்க ஓர் அரச ஆணைக்குழுவே அமைக்க வேண்டியதாயிற்று. தொடக்கத்தில் இரு தீவுகளின் கூலி லயன்களுக்குமிடையே தெரிவு செய்ய அதிகம் இருக்கவில்லை.

சராசரி என்னும் திரை

இன்றைய நிலையைக் கணக்குகளிலிருந்து காண்போம். உலக வங்கியின் கணக்குப்படி 2023இல் மொரிசியசு மக்களின் தலைக்குரிய வருமானம் 11,000 அமெரிக்க டொலருக்கு மேல். இலங்கையில் அது 4,000 டொலருக்குச் சற்றுக் குறைவு. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று.

இதைக் கண்டதும் தீர்ப்பெழுதிவிடலாகாது. வாழ்வு என்பது வருமானம் மட்டுமன்று. இலங்கையில் பிறக்கும் பிள்ளை ஏறத்தாழ 77 ஆண்டுகள் வாழும் என எதிர்பார்க்கலாம், மொரிசியசில் 75. ஆயிரம் பிள்ளைகள் பிறந்தால் ஓராண்டு நிறையுமுன் இறப்பவை இலங்கையில் ஆறு அளவில். மொரிசியசில் அதன் இரு மடங்கு. நீரிழிவு நோய் அத்தீவு மக்களை வாட்டுகின்றது. ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் மனித மேம்பாட்டுச் சுட்டியில் 2022ஆம் ஆண்டுக்கு மொரிசியசு பெற்றது 0.796, இலங்கை பெற்றது 0.780. வருமானத்தில் மூன்றில் ஒன்று உள்ள நாடு, வாழ்வின் அளவுகோலில் தோளோடு தோள் நிற்கின்றது. 1945 முதல் வந்த இலவசக் கல்வியும், இலவச மருத்துவமனைகளும், தாய் சேய் நலப் பணியும் ஈட்டித் தந்த பெருமை அது. இதனை மறுப்பவன் நேர்மையாளன் அல்லன்.

ஆனால் இப்பெருமை ஒரு சராசரியின் பெருமை. சராசரி என்பது ஒரு திரை. அதனை விலக்கி உள்ளே பார்க்க வேண்டியது நம் கடமை.

அரசின் புள்ளிவிபரத் திணைக்களமே 2019இல் எடுத்த கணக்கின்படி, நாட்டில் வறுமைக் கோட்டுக்குக் கீழே வாழ்ந்தோர் நூற்றுக்கு 14.3. நகரங்களில் 6, கிராமங்களில் 15, தோட்டங்களில் 33.8. கடன் நெருக்கடி வருவதற்கு முந்திய கணக்கு இது. 2016ஆம் ஆண்டு சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, வயதுக்கேற்ற உயரம் இல்லாத சிறு பிள்ளைகள் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17.3, தோட்டங்களில் 31.7. மூன்று பிள்ளைகளில் ஒன்று பசியால் குறுகிப்போன பிள்ளை. நாட்டின் மானத்தைக் காத்த சராசரிக்கு அடியிலே கிடப்பது இந்தப் பிள்ளைதான்.

இதில் இன்னொரு கசப்பும் உண்டு. சுதந்திரத்துக்குப் பிந்திய முதல் இருபது ஆண்டுகளில் இலங்கையின் ஏற்றுமதி வருவாயில் பாதிக்கு மேல் தேயிலையால் வந்தது. அத்தேயிலை மீது விதித்த வரியே பங்கீட்டு அரிசியாகவும் பாடசாலையாகவும் மருத்துவமனையாகவும் நாடெங்கும் பரவியது. அதே காலத்தில் தோட்டப் பாடசாலைகள் இலவசக் கல்வித் திட்டத்துக்கு வெளியே, தோட்ட நிருவாகத்தின் கையில் விடப்பட்டிருந்தன. கொழுந்து பறித்தவளின் உழைப்பில் மற்றவர் பிள்ளைகள் படித்தார்கள். அவள் பிள்ளை பிள்ளைக்காம்பராவிலிருந்து நேரே பிரட்டுக் களத்துக்குச் சென்றது.

மொரிசியசிலோ, கரும்பு வெட்டியவனின் பேரன் இன்று ஆசிரியனாக, அரச ஊழியனாக, மருத்துவனாக, கடை முதலாளியாக இருக்கின்றான். கரும்பு வெட்டும் தொழிலுக்கு அங்கே ஆள் கிடைப்பதில்லை. சட்டத்தால் வகுக்கப்பட்ட மிகக் குறைந்த மாதச் சம்பளம் 2024 சனவரியில் 16,500 மொரிசியசு ரூபா. அன்றைய மாற்று வீதத்தில் நமது பணத்தில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேல். அதே ஆண்டு செப்டெம்பரில் நம் தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கு நிருணயிக்கப்பட்ட நாட்சம்பளம் 1,350 ரூபா. மாதத்தில் இருபத்தைந்து நாளும் வேலை கிடைத்தாலும் 33,750 ரூபா. அங்கே விலைவாசி நம் நாட்டிலும் கூடியது என்பதைக் கழித்துப் பார்த்தாலும் இடைவெளி பெரிது.

வேறுபாடு எங்கே தொடங்கியது? இரண்டு இடங்களில் தொடங்கியது. ஒன்று நிலம், மற்றது வாக்கு.

நிலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீனியின் விலை உலகச் சந்தையில் சரிந்தது. மொரிசியசுத் தோட்டக்காரருக்குப் பணமுடை வந்தது. தம் தோட்டங்களின் விளிம்பு நிலங்களைச் சிறு துண்டுகளாக்கி விற்கத் தலைப்பட்டனர். வாங்கியவர்கள் யார்? ஒப்பந்தம் முடிந்த இந்தியக் கூலிகள். வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசையும், பெண்டிரின் நகையையும் கொடுத்து ஓர் ஏக்கர், அரை ஏக்கர் என வாங்கினர். 1920களில் கரும்பு பயிரான நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்திய வம்சாவளியினர் கையில் இருந்தது. சொந்த நிலம் வந்ததும் சொந்தக் குடிசை வந்தது, கிராமம் வந்தது, கோயில் வந்தது, பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பும் துணிவு வந்தது. துரை கோபித்தால் தூங்க இடமின்றிப் போகும் என்ற அச்சம் அகன்றது.

நம் மலையகத்தில் அந்த அச்சம் இருநூறு ஆண்டுகளாகியும் அகலவில்லை. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும், 1975இல் வந்த அதன் திருத்தமும் பெருந்தோட்டங்களை அரசுடைமையாக்கின. உழுதவனுக்கே நிலம் என்ற கோஷம் அன்று உரத்து ஒலித்தது. எனினும் அந்நிலத்தைக் காடு வெட்டிக் கொடியேற்றியவர்களுக்கு அதில் ஒரு பேர்ச் கிடைக்கவில்லை. பல தோட்டங்களில் அவர்கள் வேலையிழந்து, பட்டினி கிடந்து, வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடம்பெயர்ந்தனர். தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்து நின்றபோது, 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் என்ற இளைஞன் காவற்படையின் குண்டுக்கு இரையானான். 1992இல் தோட்டங்களின் நிருவாகம் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. குடியிருப்போர் குடியிருப்போராகவே, உரிமைப் பத்திரம் இன்றி, எஞ்சினர்.

பின்னாளில் ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கட்டித்தரும் திட்டங்கள் வந்தன. இந்திய அரசின் உதவியுடனும் வீடுகள் எழுந்தன. வரவேற்கிறோம். ஆனால் தேவையோடு ஒப்பிட்டால் அவை கடுகளவு. 2025 நவம்பரில் டித்வா சூறாவளி மலைநாட்டை உலுக்கி மண்சரிவுகளை ஏற்படுத்தியபோது, "பாதுகாப்பான இடத்துக்குச் செல்லுங்கள்" என்று அறிவித்தார்கள். தனக்கென ஓர் அடி நிலம் இல்லாதவன் எந்த இடத்துக்குச் செல்வான்?

1948

அடுத்தது வாக்கு. இங்கே வரலாறு நமக்கு ஒரு வியப்பான ஒப்பீட்டைத் தந்திருக்கின்றது.

1943 செப்டெம்பரில் மொரிசியசின் பெல் வியூ ஆரெல் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு நின்ற தொழிலாளர் மீது காவற்படை சுட்டது. மாண்டவர்களுள் ஒருத்தி அஞ்சலை என்னும் கருவுற்றிருந்த தமிழ்ப் பெண். அதற்கு மூன்றாண்டுகள் முன்னர், 1940 சனவரியில், நமது முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி காவற்படையால் சுட்டுக் கொல்லப்பட்டான். இரு தீவுகளிலும் ஒரே கோரிக்கை, ஒரே மறுமொழி. இன்று அஞ்சலையின் பெயர் மொரிசியசின் பெரிய விளையாட்டரங்குகளுள் ஒன்றுக்குச் சூட்டப்பட்டிருக்கின்றது. கோவிந்தனின் பெயர் நம் பாடசாலைப் பிள்ளைகளுள் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதன் பின் வந்தது 1948. மொரிசியசில் அதுவரை வாக்குரிமை பெற்றிருந்தோர் சொத்தும் படிப்பும் உடைய சுமார் 12,000 பேர். புதிய அரசியலமைப்பின்படி, அத்தீவில் வழங்கும் மொழிகளுள் ஏதேனும் ஒன்றில் எளிய வாசகத்தை எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கெல்லாம் வாக்கு என்றாயிற்று. அம்மொழிகளுள் தமிழும் ஒன்று. தொண்டர்கள் ஊர் ஊராகச் சென்று இராப் பாடசாலைகள் நடாத்தினர். கரும்பு வெட்டிய கைகள் எழுத்தாணி பிடித்தன. 1948 ஆகஸ்டில் நடந்த தேர்தலில் வாக்காளர் தொகை 70,000ஐத் தாண்டியது. அடுத்து 1959இல் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்கு.

அதே 1948 ஆகஸ்டில், கொழும்பில், சுதந்திர இலங்கையின் பாராளுமன்றத்தில் பிரஜாவுரிமைச் சட்டமூலம் விவாதிக்கப்பட்டது. அதன் நான்காம் பிரிவு என்ன சொன்னது? இலங்கையிற் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தையும் இலங்கையிற் பிறந்திருக்க வேண்டும். அன்றேல் தந்தையின் தந்தையும், அவர் தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. கொழும்பில் தொழில் புரியும் வழக்கறிஞனுக்கே தன் பூட்டனாரின் பிறப்புப் பத்திரத்தைத் தேடி எடுப்பது எளிதன்று. லயன் காம்பராவிற் பிறந்து, பெயர்ப் பதிவே ஒழுங்காக இல்லாத கூலித் தொழிலாளி எதைக் கொண்டு நிரூபிப்பான்? 1949இல் தேர்தற் சட்டத் திருத்தம் பிரஜை அல்லாதவர் வாக்கைப் பறித்தது. 1947இல் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மலையக மக்கள் 1952இல் ஒருவரையேனும் அனுப்ப இயலவில்லை. கொடக்கன்பிள்ளை வழக்கு பிரிவிக் கவுன்சில் வரை சென்று 1953இல் தோற்றது. சட்டத்தின் வாசகம் எந்தச் சமூகத்தையும் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. தன் குடிகள் யார் என வரையறுப்பது ஒரு நாட்டுச் சட்டசபையின் இயல்பான அதிகாரம் என்றனர் நீதிபதிகள். அனைவருக்கும் பொதுவென எழுதி ஒருவரை மட்டும் தாக்கும் கலையை இந்நாட்டுச் சட்டவாக்கிகள் அன்றே கற்றுக்கொண்டனர்.

இந்த வரலாற்றைச் சொல்லும்போது, 1949ஆம் ஆண்டின் இந்திய, பாக்கித்தானிய வதிவோர் சட்டத்துக்குக் கை உயர்த்தியவர்களுள் வடபுலத்துத் தமிழ்ப் பிரதிநிதிகளும் இருந்தனர் என்பதை மறைப்பது அறமாகாது.

பின்னர் நடந்தது பண்டமாற்று. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் செய்துகொண்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிடப்பட்டனர். மீதி 150,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தனர். அவர்களை ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை. 1946இல் நாட்டின் சனத்தொகையில் நூற்றுக்கு 11.7 ஆக இருந்த இந்தியத் தமிழர் 2012ஆம் ஆண்டுக் கணக்கில் 4.1 ஆயினர். தம்மை இலங்கைத் தமிழரெனப் பதிந்து கொண்டோரும் உளர். ஆயினும் கப்பலேற்றப்பட்டோரே அதற்குப் பெருங்காரணம். நாடற்றோர் என்ற பழி சட்டத்தளவில் தீர 2003 வரை ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

மொரிசியசு என்ன செய்தது? விடுதலை நாளன்று அத்தீவிற் பிறந்து பிரித்தானியக் குடியாக இருந்த ஒவ்வொருவரும் மொரிசியசுப் பிரஜை என்று அதன் அரசியலமைப்பின் இருபதாம் பிரிவு விதித்தது. பூட்டன் எங்கே பிறந்தான் என்று அது கேட்கவில்லை.

வாக்கு இருந்த இடத்தில் மற்றவை பின்தொடர்ந்து வந்தன. முதியோர் ஓய்வூதியம் 1950இல் வறியவருக்கு வந்தது. 1958இல் அனைவருக்கும் என்றாயிற்று. தேர்தலை எதிர்நோக்கியிருந்த அரசு 1976இல் இடைநிலைக் கல்வியை இலவசமாக்க வாக்களித்தது. அடுத்த ஆண்டே அது நடைமுறைக்கு வந்தது. சீனி ஏற்றுமதிக்கு வரி விதித்து அதனாற் பெற்றதை மக்கள் நலனுக்குச் செலவிட்டனர். ஓய்வூதிய வயதை உயர்த்த 2025இல் அரசு முனைந்தபோது மக்கள் வீதியில் இறங்கினர். பெற்றதைப் பிச்சையென எண்ணாமல் உரிமையென எண்ணும் மக்களின் செயல் அது. வாக்குப் பறிபோன இடத்திலோ, தோட்டத்துப் பாதைக்கு ஒரு வண்டி கல் கொட்டுவதற்குக் கூடச் சட்டம் குறுக்கே நின்றது. பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்படும் வரை, வாக்களித்துத் தெரிந்த சபையின் பணம் தோட்ட எல்லைக்குள் தாராளமாக நுழைய முடியாதிருந்தது.

எதிர்வாதங்கள்

மறுதரப்பார் சொல்லக்கூடியவற்றையும் கேட்போம்.

முதலாவது, மொரிசியசு சிறிய நாடு. பதின்மூன்று இலட்சத்துக்கும் குறைந்த மக்கள். ஆகவே எளிதாக முன்னேறியது என்பர். சிறுமையே செல்வமாயின் உலகிலுள்ள சிறு தீவுகளெல்லாம் செழித்திருக்க வேண்டும். 1961இல் அத்தீவை ஆராய்ந்த பொருளியல் அறிஞர் ஜேம்சு மீட், பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர், பெருகும் மக்கட்டொகையும் ஒற்றைப் பயிரும் இனப்பிளவும் உள்ள அந்நாட்டின் எதிர்காலம் இருண்டது என்றே எழுதினார். அக்காலத்தில் வெளிநாட்டார் நம்பிக்கையோடு சுட்டிக் காட்டிய நாடு இலங்கை.

இரண்டாவது, 1975 முதல் ஐரோப்பிய நாடுகள் அவர்களின் சீனிக்கு நல்ல விலையை உறுதி செய்தன என்பர். மெய். தேயிலைக்கு அத்தகைய பேறு கிட்டவில்லை. ஆனால் அதிட்டத்தால் வரும் பணம் அமைதியுள்ள வீட்டிலேயே தங்கும். 1970இல் ஏற்றுமதி வலயச் சட்டம் இயற்றி ஆடைத் தொழிலையும், பின்னர் உல்லாசப் பயணத்தையும், நிதித் தொழிலையும் அவர்கள் வளர்த்தனர். அவர்களுக்கு இராணுவம் என்று ஒன்றில்லை. நாமோ 1983 முதல் 2009 வரை போருக்குக் கொட்டிய செல்வத்தையும் உயிரையும் எந்த ஏட்டில் எழுதுவது?

மூன்றாவது, அங்கே இந்திய வம்சாவளியினரே பெரும்பான்மையோர். வாக்குரிமை கிடைத்ததில் வியப்பென்ன என்பர். வலுவான வாதம் இதுவே. பெரும்பான்மை தன் உரிமையைத் தான் எடுத்துக்கொள்வதில் பெருமை இல்லைதான். பெரும்பான்மையின் பெருமை மற்றவரை அது நடாத்தும் முறையிலே தெரியும். 1967 தேர்தலில் விடுதலைக்கே எதிராக வாக்களித்தோர் நூற்றுக்கு 44 பேர். வென்ற சீவுசாகர் ராம்கூலம் தோற்றவர்களை 1969இல் தம் அரசில் சேர்த்து, எதிரணித் தலைவர் கேத்தன் டுவாலை வெளிநாட்டமைச்சராக்கினார். இந்தியைத் தனி ஆட்சிமொழியாக்கும் சட்டம் அங்கே வரவில்லை. தேர்தலில் இடம் பெறாத சமூகங்களுக்கெனச் சபையில் எட்டு இடங்களை அரசியலமைப்பு ஒதுக்கியது. வெள்ளையர் வழிவந்த சிறுபான்மையினரான போல் பெரஞ்சே 2003இல் பிரதமராகவும் முடிந்தது. மிகச் சிறு தொகையினரான தமிழரின் எழுத்து அந்நாட்டு நாணயத்தாளில் உள்ளது. 1998இல் வெளியான தாள்களில் அது கீழிறக்கப்பட்டபோது தமிழர் குரல் எழுப்பினர். அரசு அத்தாள்களை மீளப்பெற்றுக்கொண்டது. இதனை 1956இல் தனிச் சிங்களச் சட்டம் இயற்றிய நாட்டோடு ஒப்பிடுக.

இன்னொரு நிகழ்ச்சி. 2002 பெப்ரவரியில் பயங்கரவாதத் தடைச் சட்டமூலம் ஒன்று கையொப்பத்துக்கு வந்தபோது, குடியரசுத் தலைவர் காசம் உத்தீம் ஒப்பமிட மறுத்துப் பதவி துறந்தார். அவரிடத்துக்கு வந்த உபதலைவர் அங்கிடி செட்டியாரும், தமிழர், ஒப்பமிடாது விலகினார். முடிவில் சட்டம் நிறைவேறத்தான் செய்தது. எனினும் குடிமகனின் உடலைக் காரணமின்றிச் சிறையிலடைக்கும் அதிகாரத்தைத் தர அஞ்சிப் பதவியைத் துறக்கும் மனிதர் அரசின் உச்சியில் இருந்தனர். நம் நாட்டில் 1979இல் 'தற்காலிக ஏற்பாடுகள்' என்ற பெயரோடு வந்த சட்டம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. இரவில் கதவு தட்டப்படும் ஓசைக்கு நடுங்காமல் உறங்குவதும் வாழ்க்கைத் தரத்தின் ஓர் அளவே.

அங்குள்ள கறைகள்

மொரிசியசு சுவர்க்கம் அன்று. ஆபிரிக்க அடிமைகளின் வழிவந்த கிரியோல் மக்கள் வளர்ச்சியில் பின்தங்கினர். 1999 பெப்ரவரியில் காயா என்னும் கிரியோல் பாடகர் காவற்படையின் காவலில் மாண்டபோது நாடு கலவரத்தில் எரிந்தது. சாகோசுத் தீவுகளிலிருந்து ஆங்கிலேயரால் விரட்டப்பட்டு வந்தோர் போர்ட் லூயியின் சேரிகளில் வாடினர். பெருநிலங்கள் இன்னும் பிரெஞ்சு வழிவந்த சில குடும்பங்கள் வசமே. வேட்பாளர் தம் சமூகத்தை அறிவித்தே ஆகவேண்டும் என்ற விதியை ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு 2012இல் கண்டித்தது.

இக்கறைகள் நம் வாதத்தை உடைப்பன அல்ல, உறுதி செய்வன. நிலமும் அரசியற் பலமும் சேர்ந்தவிடத்து வாழ்வு உயர்ந்தது. அவை சேராத கிரியோல் மக்களிடத்து அது தாழ்ந்தே கிடந்தது.

தமிழர் என்ற முறையில் ஒன்றை வருத்தத்தோடு குறித்தாக வேண்டும். மொரிசியசுத் தமிழர் தைப்பூசக் காவடி எடுக்கின்றனர்; அது அரசு விடுமுறை நாள். கோயில்கள் சிறந்து விளங்குகின்றன. ஆனால் வீட்டில் அவர்கள் பேசுவது கிரியோல். குப்பன் 'கூப்பன்' ஆனான். வீரப்பன் 'வீராப்பென்' ஆனான். தமிழ் பாடசாலையில் விரும்பிப் படிக்கும் பாடமாயிற்று. நம் மலையகத்துத் தாயோ இத்தனை இடரிலும் தாலாட்டைத் தமிழில் பாடுகின்றாள். அங்கே வாழ்வு கிடைத்தது, மொழி நழுவியது. இங்கே மொழி நிலைத்தது, வாழ்வு மறுக்கப்பட்டது. இரண்டில் ஒன்றைத்தான் பெறலாம் என்று எந்த நியதியும் இல்லை. இரண்டையும் கேட்பதே நம் நிலை.

இனிச் செய்யத்தக்கது

கேட்க வேண்டியவை நீண்ட பட்டியல் அன்று. தோட்டத்தில் வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும், விற்கவும் ஈடு வைக்கவும் பிள்ளைக்கு எழுதி வைக்கவும் இயலுமான முழு உரிமைப் பத்திரத்துடன் காணி வேண்டும். கம்பனியின் தயவில் தங்கும் அனுமதிச் சீட்டு வேண்டாம். மண்சரிவு அபாயமுள்ள சரிவுகளில் இருப்போருக்கு அது முதலில் வேண்டும். கிராமத்தவனுக்கு உள்ள பிரதேச செயலகம், கிராம சேவகர், தபால், மருத்துவம் ஆகிய அனைத்தும் தோட்டத்தவனுக்கும் அதே தூரத்தில், அதே மொழியில் வேண்டும். சம்பளம் இரண்டாண்டுக்கொருமுறை வர்த்தமானிக்கும் வழக்குமன்றுக்குமிடையே பந்தாடப்படாமல் வாழ்க்கைச் செலவோடு உயரும் விதியொன்று வேண்டும்.

வடக்கிலும் கிழக்கிலும் உள்ள நாம் இதனை அயலான் வழக்கென எண்ணலாகாது. நாம் வாளாவிருந்த 1948ஆம் ஆண்டின் சட்டமே 1956ஆம் ஆண்டின் சட்டத்துக்கு வழி திறந்தது. இலட்சக்கணக்கான மக்களின் வாக்கைக் கை உயர்த்திப் பறிக்க முடியும் என்று கண்டுகொண்ட பாராளுமன்றம், அடுத்துக் கை வைக்க வேண்டிய இடத்தைத் தேடாமல் இருக்குமா?

அடுத்த முறை மேடையேறி, "இந்நாட்டைச் சிங்கப்பூர் ஆக்குவேன்" என்று ஒருவர் முழங்கும்போது, கூட்டத்தில் ஒருவரேனும் எழுந்து நின்று கேட்க வேண்டும்: "ஐயா, சிங்கப்பூர் இருக்கட்டும். கரும்பு வெட்ட வந்தவனை மொரிசியசு தன் நாட்டுக்கு உரியவனாக்கியது. தேயிலை நட வந்தவனுக்கு நீர் எப்போது ஓர் உறுதி எழுதிக் கொடுப்பீர்?" இவ்வினாவுக்கு விடை கிடைக்கும் நாளில், சராசரியின் திரைக்குப் பின்னால் நிற்கும் அப்பிள்ளையும் இந்நாட்டின் கணக்கில் சேரும்.